கிளாரினெட்டுக்குப் பிறகு எது: சாக்ஸபோனா, ஃப்ளூட்டா, ஓபோவா?

பி-ஃப்ளாட் கிளாரினெட்டில் நாலைந்து வருடம் ஓட்டியவர்களுக்கு இந்தக் கேள்வி வரும். சர்ச் ஆர்க்கெஸ்ட்ராவில் ஓபோ (இரண்டு நாணல் இதழ் வைத்து ஊதும் குழல்) வாசிக்க ஆள் இல்லை என்பார்கள். பேண்டில் ஆல்ட்டோ சாக்ஸ் கேட்பார்கள். ஊதும்போது அதிரும் நாணல் பட்டையான ரீட்டோடு மல்லுக்கட்டி அலுத்துப்போய், ரீட்டே இல்லாத ஃப்ளூட் பக்கம் போய்விடலாமா என்றும் தோன்றும். கடையில் கேட்டால், "விரலெல்லாம் ஒண்ணுதான் சார், ஒரு மாசத்துல பிடிச்சிடலாம்" என்பார்கள். விரல் விஷயத்தில் அது முக்கால் உண்மை. ஆனால் மாறுபவர்கள் தடுக்கி விழுவது விரலில் இல்லை, உதட்டிலும் மூச்சிலும்தான். ஓபோ என்றால் பணப்பையிலும்.

## எதை வைத்து எடை போடுவது

ஆறு விஷயங்களைப் பார்க்க வேண்டும். உதட்டுப் பிடி எவ்வளவு மாறுகிறது, காற்று எவ்வளவு வேண்டும், விரல் எங்கே குழப்பும், எந்தச் சுருதியில் ஒலிக்கும், மாதாமாதம் என்ன செலவு, கற்றபின் எங்கே வாசிக்கலாம். வாங்கும் விலையைத் தனியாகச் சேர்க்கவில்லை. அது ஒருமுறை வலித்துவிட்டுப் போய்விடும், மாதச் செலவு போகாது.

கிளாரினெட்டின் ஒரு விசித்திரத்தை இங்கேயே தெரிந்துகொள்வது நல்லது. அது நேர்க்குழாய், ஒரு முனை அடைத்தது போல வேலை செய்வது. அதனால் மேல் சுரங்களுக்குத் தாவ உதவும் ரெஜிஸ்டர் கீயை அழுத்தினால் எட்டாவது சுரத்துக்குத் தாவாமல் பன்னிரண்டாவதுக்குத் தாவும். கீழே ஸி-யாக இருந்த அதே விரல் மேலே ஜி ஆகிவிடும். சாக்ஸும் ஓபோவும் கூம்புக் குழாய்கள், ஃப்ளூட் இருபக்கமும் திறந்த குழாய். மூன்றுமே எட்டுக்கு எட்டு தாவும், ஒரே விரல் இரண்டு ஸ்தாயியிலும் ஒரே பெயர். அதாவது கிளாரினெட்டின் மேல் ரெஜிஸ்டரில் வாசிக்கும் விரல்கள் இந்த மூன்றிலும் கிட்டத்தட்ட அப்படியே செல்லும், கீழ் ரெஜிஸ்டரில் பழகியதை மறந்துவிட வேண்டும். இடது கை மூன்று விரலும் வைத்தால் மூன்றிலுமே ஜி. ஆறு விரலும் வைத்தால் டி.

| | ஆல்ட்டோ சாக்ஸ் | ஃப்ளூட் | ஓபோ |
|---|---|---|---|
| உதடு | பழைய பிடியைத் தளர்த்த வேண்டும் | பழைய பிடி உதவாது | இரண்டு உதடும் உள்ளே, பல் படக்கூடாது |
| காற்று | கிளாரினெட்டைவிட அதிகம் | மிக அதிகம், பாதி வீணாகும் | மிகக் குறைவு, மிஞ்சும் காற்றே தொல்லை |
| விரல் சிக்கல் | மிகக் குறைவு | இடது கட்டைவிரல், வலது சுண்டுவிரல் | எஃப் சுரம், அரைத்துளை, இரண்டு ஆக்டேவ் கீ |
| எழுதிய ஸி ஒலிப்பது | இ-ஃப்ளாட் | ஸி | ஸி |
| ரீட் செலவு | கிளாரினெட் அளவு | இல்லை | பல மடங்கு |
| காது கூசாமல் வாசிக்க | 2, 3 மாதம் | 4 முதல் 6 மாதம் | ஒரு வருடம் |

கடைசி வரி தினம் ஒரு மணி நேரம் உட்காருபவருக்கான கணக்கு. ஞாயிற்றுக்கிழமை மட்டும் பெட்டியைத் திறப்பவருக்குப் பொருந்தாது.

## ஆல்ட்டோ சாக்ஸபோன்

மூன்றில் எளிது இதுதான். எளிது என்பதாலேயே பலர் கிளாரினெட் பிடியோடு அப்படியே ஊதி, மெலிந்து கீச்சிடும் ஒலியில் வருடக்கணக்கில் நின்றுவிடுகிறார்கள்.

மவுத்பீஸை மட்டும் கழற்றி ஊதிப் பாருங்கள். போனில் டியூனர் ஆப் இருந்தால் போதும். ஆல்ட்டோ மவுத்பீஸ் தனியாக ஏறத்தாழ 880 ஹெர்ட்ஸ், அதாவது ஏ சுரம் தர வேண்டும். கிளாரினெட்காரர்கள் முதல் நாள் ஊதினால் பி, ஸி என்று மேலே போகும். உதடு கடிக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி கிடையாது. கீழுதட்டைப் பல்லின் மேல் இழுத்துச் சுருட்டுவதைக் குறைத்து, வாயோரங்களை உள்நோக்கிக் குவித்து, ஏ வரும்வரை இறக்கிக்கொண்டு வாருங்கள். மவுத்பீஸ் வாய்க்குள் போகும் கோணமும் மாறும். கிளாரினெட் கீழே சாய்ந்திருக்கும், சாக்ஸ் ஏறத்தாழ நேராக வர வேண்டும். கழுத்துப் பட்டையை ஏற்றி இறக்கிச் சரிசெய்யாமல் தலையைக் குனிந்து வாசித்தால், ஒரு மாதத்தில் பிடரி வலிக்கும். ஆல்ட்டோவின் எடை சுமார் இரண்டரை கிலோ. ரீட்டின் கடினத்தைச் சொல்லும் எண்ணில் அரை குறைத்து ஆரம்பியுங்கள். கிளாரினெட்டில் 3 என்றால் இங்கே 2½.

சுருதி விஷயத்தில்தான் முதல் அதிர்ச்சி. கிளாரினெட்டில் எழுதிய ஸி, பி-ஃப்ளாட்டாக ஒலிக்கும், அதாவது 6½ கட்டை. ஆல்ட்டோவில் அதே ஸி இ-ஃப்ளாட், 2½ கட்டை. கிளாரினெட் தாளை ஆல்ட்டோவில் அப்படியே வாசிக்க முடியாது. தாள் மாறக்கூடாது என்பவர்களுக்கு டெனர் சாக்ஸ் இருக்கிறது. அதுவும் பி-ஃப்ளாட்தான், ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கும், அவ்வளவே.

மறைந்திருக்கும் செலவு பேட், அதாவது துளைகளை அடைக்கும் மெத்தை. இருபதுக்கும் மேற்பட்ட தோல் பேட்கள் இருக்கின்றன. கடற்கரை ஊர்களின் ஈரத்தில் ஜி-ஷார்ப் பேடும், கீழ் ஸி-ஷார்ப் பேடும் ஒட்டிக்கொள்ளும். கச்சேரி நடுவில் ஜி-ஷார்ப் வராமல் வெறும் ஜி வருவது இதனால்தான். பெட்டியில் வைக்குமுன் மெல்லிய காகிதத்தை அந்தப் பேடுக்கு அடியில் வைத்து ஒத்தியெடுத்தால் போதும், பவுடர் போடாதீர்கள். சில வருடத்துக்கு ஒருமுறை மொத்தப் பேடும் மாற்ற வேண்டிவரும். பழைய சாக்ஸ் மலிவாகக் கிடைக்கிறது என்றால் இந்தத் தொகையைச் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

கர்நாடக இசை வாசிக்க நினைப்பவர்கள் கத்ரி கோபால்நாத்தைச் சுட்டுவார்கள். அவர் சாக்ஸில் கமகத்தைக் கொண்டுவந்தார், உண்மை. ஆனால் கிளாரினெட்டில் துளையை விரலே மூடுகிறது. விரலைச் சற்று நகர்த்தி சுரத்தை வழுக்க விடலாம். சாக்ஸில் எல்லாம் மூடிகள், திறந்தால் திறப்பு, மூடினால் மூடல். வழுக்கல் முழுக்கத் தாடையிலும் தொண்டையிலும்தான் செய்தாக வேண்டும். கமகத்துக்காகவே மாறுவதாக இருந்தால் கிளாரினெட்டை விட்டுப் போவது நஷ்டம்.

யாருக்கு: பேண்ட், மெல்லிசைக் குழு, சீக்கிரம் மேடை ஏற வேண்டும் என்பவர்களுக்கு. அபார்ட்மென்ட்காரர்கள் ஒருமுறை யோசிக்கவும். ஆல்ட்டோவை மெதுவாக வாசிக்கப் பழகவே ஒரு வருடம் ஆகும்.

## ஃப்ளூட்

ரீட் இல்லை, மாதச் செலவு இல்லை, பையில் போட்டுக்கொண்டு போகலாம். ஸி கருவி என்பதால் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்து அப்படியே வாசிக்கலாம்.

ஆனால் கிளாரினெட் உதட்டுக்கு இங்கே வேலையே இல்லை. உதட்டுத் தட்டின் துளையில் கால் முதல் மூன்றில் ஒரு பங்கு வரை கீழுதடு மூடும். மீதித் துளையின் எதிர்விளிம்பில் காற்று மோதிப் பிளக்க வேண்டும். இறுகிய உதடு இதற்கு எதிரி. முதல் இரண்டு வாரம் தலைசுற்றும். நோய் எதுவும் இல்லை, எதிர்த்து நிற்க ரீட் இல்லாததால் காற்று மொத்தமாக ஓடிவிடுகிறது, அவ்வளவுதான். பத்து நிமிடம் வாசித்து ஐந்து நிமிடம் உட்காருங்கள். தலைப்பகுதியை மட்டும் தனியாக ஊதி, முனையை உள்ளங்கையால் மூடியும் திறந்தும் ஒலி தெளிவாக வரும்வரை முழுக்குழலைச் சேர்க்காமல் இருப்பது நல்லது.

ஃப்ளூட்டில் ஆக்டேவ் கீ என்று ஒன்று இல்லை. மேல் ஸ்தாயி முழுக்க உதட்டின் குவிப்பும் காற்றின் வேகமும்தான். இடது கட்டைவிரலை ரெஜிஸ்டர் கீயைத் தேட விட்டால், அங்கிருக்கும் பி கீயை எடுத்துவிடும், சுரம் ஸி ஆகிவிடும். வலது சுண்டுவிரல் இ-ஃப்ளாட் கீயில் பெரும்பாலான சுரங்களுக்கு அழுத்தியபடியே இருக்க வேண்டும். கீழ் டி-க்கு எடுக்க வேண்டும். கிளாரினெட்காரர்கள் இதை மறப்பார்கள். ஒலி வரும், ஆனால் மங்கலாக, சுருதி சற்றுப் பிசகி. தப்பு என்று காதுக்கு உடனே தெரியாத தப்பு இது, அதனால் திருத்தவும் நாளாகும். எஃப்-ஷார்ப்புக்கு வலது மோதிரவிரல். நடுவிரல் வைத்தாலும் சுரம் வருமே என்று பழகிவிடாதீர்கள்.

பழைய ஃப்ளூட் வாங்கும்போது துடைக்கும் கம்பியின் முனையில் ஒரு கோடு இருக்கும். தலைப்பகுதிக்குள் விட்டால் அந்தக் கோடு ஊதும் துளையின் நடுவில் தெரிய வேண்டும். தலைப்பகுதியின் முனையை உள்ளே அடைக்கும் கார்க் தட்டிலிருந்து அங்கே சுமார் 17 மில்லிமீட்டர். தெரியவில்லையென்றால் கார்க் நகர்ந்திருக்கிறது, ஸ்தாயிகள் ஒன்றோடொன்று சேராது. பேட்கள் மெல்லிய சவ்வு போர்த்தியவை, துணியால் தேய்த்தால் கிழியும்.

கமகம் வேண்டும் என்றால் உலோக ஃப்ளூட் எதற்கு? மூங்கில் குழல் சில நூறு ரூபாயிலிருந்து கிடைக்கிறது.

யாருக்கு: ரீட் தேடி அலைய முடியாதவர்கள், பயணம் அதிகம் உள்ளவர்கள், பட்ஜெட் குறைவானவர்கள். கிளாரினெட்டையும் கூடவே வாசிக்கப் போகிறீர்கள் என்றால் பயிற்சியில் ஃப்ளூட்டை முதலில் வையுங்கள். ரீட் அதிர்ந்து மரத்துப்போன உதட்டில் ஃப்ளூட் பேசாது.

## ஓபோ

நாகஸ்வரத்தின் சீவாளியைப் பார்த்தவர்களுக்கு ஓபோ ரீட் அந்நியமாகத் தெரியாது. இரண்டு நாணல் இதழ்கள், நடுவே ஒரு கீறல் இடைவெளி. நாகஸ்வரத்துக்குக் கெண்டை, ஓபோவுக்கு ஸ்டேபிள் என்ற சிறு உலோகக் குழாய். ஆனால் ஓபோ ரீட்டின் வாய் மிகச் சிறியது. சீவாளியில் ஊதுவது போல ஊதினால் ஒன்று அடைத்துக்கொள்ளும், இல்லாவிட்டால் காட்டு வாத்து போலக் கத்தும்.

உதடு: கிளாரினெட்டில் மேல்பல் மவுத்பீஸில் பதியும். ஓபோவில் இரண்டு உதடும் பல்லின் மேல் சுருண்டு ரீட்டுக்கு மெத்தை போல இருக்கும். ரீட்டின் நுனி மட்டும் உள்ளே. முதலில் எல்லோரும் அதிகமாக உள்ளே தள்ளுவார்கள், தாடையால் கடித்து ரீட்டை மூடிவிடுவார்கள். பதினைந்து நிமிடத்தில் உதட்டோரத் தசை விட்டுப்போகும், காற்று ஓரமாகக் கசியும். அந்தக் கணத்தில் கீழே வைத்துவிட வேண்டும். வீம்புக்குத் தொடர்ந்தால் கடிக்கும் பழக்கம்தான் உறுதியாகும். பத்து நிமிடமாக ஒரு நாளைக்கு நாலு முறை, இதுதான் முதல் மாதப் பாடம்.

மூச்சு: இதைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. கிளாரினெட்டில் மூச்சு தீர்ந்துபோவதால் மூச்சு எடுக்கிறோம். ஓபோவில் அந்தச் சின்ன இடைவெளி வழியே காற்று போகவே மாட்டேன் என்கிறது. வரி முடியும்போது நெஞ்சு நிறையக் காற்று இருக்கும், ஆனால் பழைய காற்று, மூச்சு முட்டும். அதன் மேலேயே இன்னொரு மூச்சை இழுத்தால் நாலாவது வரியில் கண் இருட்டும். தாளில் மூச்சுக் குறி போடும்போது விடும் இடத்துக்கு ஒரு குறி, எடுக்கும் இடத்துக்கு வேறு குறி என்று இரண்டாகப் போடுங்கள். நீளமான வரிகளில் ஓரிடத்தில் விட்டுவிட்டு, அடுத்த இடைவெளியில் எடுக்கலாம்.

விரல்: எஃப்-ஷார்ப்புக்கு வலது ஆள்காட்டி விரல், இ-க்கு நடுவிரலும் சேர்ந்து. எஃப் வேண்டுமென்றால் அந்த இ விரலோடு மோதிரவிரலால் எஃப் கீயையும் அழுத்த வேண்டும். டி-க்கும் அதே மோதிரவிரல்தான். டி-யிலிருந்து எஃப்புக்கு ஒரே விரல் ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் இருக்க முடியாதே. அதனால்தான் நடுவிரலை மட்டும் எடுக்கும் கவட்டை எஃப்பும், இடது சுண்டுவிரலுக்கான இடது எஃப் கீயும் இருக்கின்றன. அடுத்தது அரைத்துளை. நடு ஸி-ஷார்ப், டி, இ-ஃப்ளாட் மூன்றுக்கும் இடது ஆள்காட்டி விரலைத் தூக்காமல் கீழ்நோக்கி உருட்ட வேண்டும். துளையை விரலால் மூடித் திறந்தே பழகிய கிளாரினெட் கை அதைத் தூக்கிவிடும். இ முதல் ஜி-ஷார்ப் வரை கட்டைவிரல் ஆக்டேவ் கீ, ஏ-யிலிருந்து பக்கவாட்டு ஆக்டேவ் கீ. இரண்டு மூன்று மாதத்தில் இவை வந்துவிடும்.

சுருதி: கிளாரினெட்டில் மவுத்பீஸுக்குக் கீழுள்ள பேரலைக் கொஞ்சம் இழுத்துச் சுருதி இறக்குவோம். ஓபோவில் ரீட்டை இழுத்தால் உள்ளே ஒரு வெற்றிடம் உண்டாகி சில சுரங்கள் ஆட்டம் காணும். சுருதி ரீட்டிலேயே செதுக்கப்பட்டு வர வேண்டும். ஆர்க்கெஸ்ட்ரா ஓபோவின் ஏ-வுக்குச் சேர்த்துக்கொள்வது வழக்கம் என்பதால், சுருதி பிசகினால் ஒளிந்துகொள்ளவும் வழியில்லை.

### ரீட் கணக்கு

கையால் கட்டிய ஓபோ ரீட் ஒன்று வெளிநாட்டில் ஏறத்தாழ 20 முதல் 30 டாலர். அந்தக் காசுக்குக் கிளாரினெட் ரீட் ஒரு பெட்டியே வாங்கிவிடலாம். ஒரு ரீட்டின் ஆயுள் 10 முதல் 20 மணி நேர வாசிப்பு. தினம் ஒரு மணி நேரம் என்றால் மாதம் இரண்டு ரீட். வருடத்துக்கு 500, 600 டாலர், தபால் செலவு தனி. ஒரு நல்ல மாணவர் ஃப்ளூட்டின் விலை வருடாவருடம் நாணலாகவே கரைந்துபோகும். ஒரே ரீட்டை ஓட்டாமல் மூன்றை மாற்றி மாற்றி வைத்தால் ஆயுள் கொஞ்சம் நீளும். வாசிக்குமுன் வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு மூன்று நிமிடம் நனைத்தால் போதும். அரைமணி ஊறவைத்தால் வாய் அகலமாகிவிடும். இதழ்களின் ஓரம் கசிந்தால் பிளம்பர் டேப்பை இரண்டு சுற்று இறுக்கிச் சுற்றுங்கள், அன்றைய கச்சேரி ஓடிவிடும்.

அதனால் தானே கட்டிக்கொள்ளக் கற்பவர்கள்தான் ஓபோவில் நிலைக்கிறார்கள். குடைந்து, வடிவம் வெட்டி, மடித்த நாணலாக வாங்கினால் விலை உயர்ந்த இயந்திரங்கள் தேவையில்லை. கத்தி, ஸ்டேபிளைச் செருகிப் பிடிக்கும் மான்ட்ரல், இதழுக்கிடையே வைக்கும் தகடு, நூல், தேன்மெழுகு, அளவுகோல் இருந்தால் ஆரம்பிக்கலாம். ஸ்டேபிள் வழக்கமாக 47 மில்லிமீட்டர், ஐரோப்பிய முறை ரீட்டின் மொத்த நீளம் 72 முதல் 73. கட்டும் நூல் ஸ்டேபிளின் மேல்நுனிக்கு மேலே ஒரு சுற்றுப் போனாலும் நாணலின் கழுத்தை நெரித்துவிடும், அந்த ரீட் அதிரவே அதிராது. முதல் முப்பது நாற்பது ரீட் குப்பைக்குத்தான். அதையும் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

### எந்த ஓபோ

மரமா, பிளாஸ்டிக்கா என்று கேட்டால், நம் ஊருக்கு முதல் ஓபோ பிளாஸ்டிக்கோ ரெசினோதான். கருங்காலி போன்ற கிரனடில்லா மரத்தில் செய்த ஓபோவின் மேல்பகுதி, வெளியே குளிர்ந்து வறண்டும் உள்ளே மூச்சால் சூடாகி ஈரமாகவும் இருக்கும்போது வெடிக்கும். இரண்டு சுரங்களை வேகமாக மாற்றி மாற்றி வாசிக்க உதவும் ட்ரில் கீக்களைச் சுற்றித்தான் விரிசல் பெரும்பாலும் ஆரம்பிக்கும். வெளியே புழுக்கம், உள்ளே ஏசி என்று ஒரு நாளில் நாலு முறை மாறும் வாழ்க்கை மரத்துக்கு ஆகாது. புது மர ஓபோ வாங்கினால் முதல் வாரம் நாளுக்கு 10, 15 நிமிடத்துக்கு மேல் வாசிக்காதீர்கள், பிறகு மெல்ல ஏற்றுங்கள். ஏசி அறையில் ஊதுமுன் மேல்பகுதியைக் கையால் பிடித்துச் சூடேற்றிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, கீ அமைப்பு. உலகில் பெரும்பாலும் கன்சர்வேட்டரி முறை. பிரிட்டனிலிருந்து வரும் பழைய ஓபோக்களில் தம்ப்ளேட் முறை இருக்கும். இதில் இடது கட்டைவிரலைத் தட்டிலிருந்து எடுத்தால் பி-ஃப்ளாட்டும் ஸி-யும் வரும். கன்சர்வேட்டரியில் அவற்றுக்கு வலது ஆள்காட்டி விரல் வைக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தவையும் உண்டு. உங்கள் ஆசிரியர் எதை வாசிக்கிறாரோ அதையே வாங்குங்கள். மலிவு மாடல்களில் இடது எஃப் கீயும் கீழ் பி-ஃப்ளாட்டும் விடுபட்டிருக்கும். பி-ஃப்ளாட் இல்லாமல் சில வருடம் தள்ளலாம், இடது எஃப் இல்லாமல் முடியாது.

நல்ல மாணவர் ஓபோ, அதே தரத்து ஃப்ளூட்டைப் போல நாலைந்து மடங்கு விலை. ஆன்லைனில் ஃப்ளூட் விலைக்கே வரும் பெயர் தெரியாத ஓபோக்களை வாங்கியவர்கள், கருவி கெட்டதா தன் உதடு கெட்டதா என்று தெரியாமலே கைவிட்டுவிடுகிறார்கள்.

யாருக்கு: நேரில் பார்க்கும் தூரத்தில் ஆசிரியர் இருப்பவர், ரீட்டுக்கு ஒரு வழி செய்துகொண்டவர், ஆர்க்கெஸ்ட்ராவில் காலியான நாற்காலி ஒன்று உறுதியாகத் தெரிந்தவர். மூன்றில் ஒன்று குறைந்தாலும் சாக்ஸ் போங்கள். மூன்றும் இருந்தால் தயங்காதீர்கள். கிளாரினெட்காரர்கள் ஒரு ஊரில் நிறையப் பேர் இருப்பார்கள், ஓபோக்காரர் ஒருவர் இருந்தாலே அதிசயம்.

## பழைய ஓபோ பார்க்கப் போகும்போது

மேல்பகுதியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பி முடியிழை விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். முறையாக ஒட்டிய பழைய விரிசல் பயப்பட வேண்டியதில்லை, விலை குறைக்கக் காரணம் கிடைத்தது என்று எடுத்துக்கொள்ளலாம். பிறகு மேல்பகுதியின் துளைகளை மூடி, அடிமுனையை உள்ளங்கையால் அடைத்து, மேலிருந்து காற்றை உறிஞ்சுங்கள். வெற்றிடம் இரண்டு மூன்று வினாடியாவது பிடித்து நின்று, விட்டதும் 'பக்' என்று ஒலிக்க வேண்டும். ஒலிக்கவில்லையென்றால் எங்கோ பேட் கசிகிறது. சிகரெட் தாளைச் சிறு பட்டையாக வெட்டி ஒவ்வொரு பேடுக்கு அடியிலும் வைத்து இழுத்தால், எது தளர்வு என்று தெரிந்துவிடும்.

ஓபோ கையில் இருக்கும் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய், கீழ் ஸி, பி சுரங்களை மெதுவாக வாசிக்கச் சொல்லுங்கள். பலமாக ஊதினால் மட்டும் வருகிறது என்றால், மேலே ஏதோ ஒரு சரிசெய்யும் திருகு கால் சுற்று பிசகியிருக்கலாம். திருகாணி வேலைதான், சிறியது. ஆனால் அதைச் செய்யத் தெரிந்தவர் உங்கள் ஊரில் யார் என்று விசாரித்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.